சுவரைப் பார்த்து வாசித்த கேள்விகள்

எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் நடந்தது பின்னால் வரும், சில சங்கதி மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. "பிள்ளைகள் முன்னால் வந்து பேசுங்கள்" என்று கேட்டார்கள். அந்தப் பயத்தில்தான் "எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

கோவில்பட்டியில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். வங்கி, ரயில்வே, அரசு வேலை என்று எழுதுகிற பிள்ளைகள் படிக்க வருவார்கள். இப்போது அங்கே வாசிப்புப் பகுதி எடுக்கிற டீச்சர்தான் இதைக் கேட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்து, "அக்கா, இப்ப கேள்விய எல்லாம் கம்ப்யூட்டரே போட்டுத் தந்துருது. ஆனா சரியா இருக்கான்னு யாருட்ட வாசிச்சுக் காட்ட? சார் உங்கள வச்சு எப்படிப் பாத்தாவன்னு பிள்ளைக முன்னால வந்து சொல்லுங்க. எங்க ஆளுகளும் கேக்கட்டும்" என்றாள். அவள் யார் என்பதை அப்புறம் சொல்லுகிறேன்.

அதற்கு முன்னால் என் கதை கொஞ்சம்தான். பள்ளிக்கூடம் நின்றதும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். மரச் சட்டத்தில் குச்சி அடுக்கினேன், பெட்டி ஒட்டினேன், பெட்டியில் குச்சி அடைத்தேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், தீக்குச்சி மருந்து வாடையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் வேறு வேலை பார்க்கச் சொன்னார். அப்படித்தான் மையத்தில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், அச்சடித்த வினாத்தாளை வரிசையாக அடுக்கிப் பின் அடிக்க வேண்டும். அடுக்குகிற வேலை எனக்குப் புதிது இல்லையே.

மையத்தை நடத்தியவர் தேவசகாயம் சார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு துண்டுச் சாக்பீஸும் இருக்கும், அதனால் அந்தப் பை எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். யாரையும் அதட்ட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைப்பார். ரொம்ப நேரம் துடைத்தால் ரொம்பக் கோபம். என் பேர் அன்னத்தாய். அவர் என்னை "தாயி" என்று கூப்பிடுவார். அவர் மேஜையில் ஒரு காகிதத்தில் கடலை மிட்டாய் உடைத்து வைத்திருக்கும். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வினாத்தாளைப் பின் அடித்துக்கொண்டிருந்தேன். சார் ஏதோ வாசித்துவிட்டு, தனக்குத்தானே "இது புரியுமா?" என்று கேட்டுக்கொண்டார். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "புரியுது சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன புரிஞ்சுது தாயி?"

பின் அடிக்கிறதை நிறுத்திவிட்டேன்.

அவர் வாசித்தது இதுதான். ஒரு ஊர்க் குளத்தில் கொசு அதிகம். கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று புதிதாக ஒரு மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மீன் தவளை முட்டையையும் தின்றுவிட்டது. தவளையும் கொசுவைத்தான் தின்றுகொண்டிருந்தது. தவளை போனதும் கொசு முன்னைவிட அதிகமாகிவிட்டது. கீழே கேள்வி: இதற்கு மிகவும் ஒத்த நிகழ்ச்சி எது? நாலு விடை கொடுத்திருந்தார்கள். ஒன்று, வேறொரு குளத்தில் மீன் வளர்த்துப் பிழைத்த மீனவர். இன்னொன்று, விடுதியில் சண்டையை நிறுத்தக் கண்டிப்பான ஒரு காப்பாளரை வைத்த கதை. சண்டையைத் தீர்த்து வைத்துக்கொண்டிருந்த மூத்த பிள்ளைகளை அவர் வெளியே அனுப்பிவிட, சண்டை கூடிப்போனது. மற்ற இரண்டும் மறந்துவிட்டன.

நான் மீனவர் என்று சொன்னேன்.

சார் சிரித்தார். "மீன்னு வந்தா மீன் பின்னாலேயே போயிருவியா? பேரெல்லாம் எடுத்துட்டுக் கதையச் சொல்லு பாப்போம்."

"பேர எடுத்துட்டு எப்படி சார் சொல்ல?"

"மீன்னு சொல்லாத. கொசுன்னு சொல்லாத. ஒருத்தர், ஒண்ணுன்னு மட்டும் சொல்லு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஒரு தொந்தரவு இருக்கு. அதப் போக்க ஒண்ணக் கொண்டாராவ. ஏற்கெனவே அதப் போக்கிட்டிருந்தது ஒண்ணு இருந்துச்சு. வந்தது அத அழிச்சிருது. தொந்தரவு கூடிப் போவுது."

"இப்ப எது?"

"விடுதி சார்." சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு மேஸ்திரி வந்தப்ப இதே கததான் சார் நடந்துச்சு."

சார் ஒரு துண்டு மிட்டாயை என் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து சனிக்கிழமை ஐந்து மணி எனக்கு அந்த வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. அதற்கு முன்னால் வாசிப்புப் பகுதியில் வருகிற ஒப்புமைக் கேள்வியை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவார். பத்தியை இரண்டு தடவை, கேள்வியை ஒரு தடவை, விடைகளை ஒரு தடவை. முதலில் நான் பேரெடுத்துக் கதையைச் சொல்ல வேண்டும். பிறகு விடையைச் சொல்ல வேண்டும். என் விடையும் அவர் விடையும் ஒன்றாக இருந்தால் கேள்வி அச்சுக்குப் போகும். வேறாக இருந்தால் மறுபடி எழுதுவார். "படிச்சவங்க தெரிஞ்சத வச்சுத் தப்பிச்சிருவாங்க தாயி. பத்தியில இருக்கறத மட்டும் வச்சு நீ சொல்லணும். அதான் எனக்குச் சோதனை" என்பார்.

அலுவலகத்தில் டைப் அடிக்கிற ஜெயா கேலி செய்வாள். "அக்கா, நாங்கள்லாம் டிகிரி முடிச்சும் டைப்புதான் அடிக்கோம். நீங்க அஞ்சாப்பு படிச்சிட்டு கேள்வித்தாளுக்கே மார்க் போடுதீங்க."

"சும்மா இரு ஜெயா, சார் காதுல விழும்" என்பேன். விழட்டும் என்றும் இருக்கும்.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

சாருக்குத் தெரியாமலே அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தப்பான விடையை வாசிக்கும்போது, நான் அதில் விழுகிறேனா என்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். சரியான விடையை வாசிக்கும்போது மட்டும் தாளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். இதை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வெட்கப்படுகிறவர்கள் எதிரே இருக்கிறவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை. எனக்குச் சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் அவர் நிமிராத விடையைச் சொன்னேன். எட்டுக் கேள்வி வாசித்தால் ஏழு சரியாக வந்தது. "தாயி தேறிட்டா" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் சந்தோஷத்தையும்தான்.

மையத்தில் வருஷத்துக்கு ஒரு பெண் பிள்ளைக்கு மட்டும் இலவச இடம் உண்டு. பக்கத்து மகளிர் விடுதியில் தங்கி, சாப்பிட்டு, வருஷம் முழுக்கப் படிக்கலாம். அதற்கு ஒரு தேர்வு. எட்டயபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கிடைக்காவிட்டால் மில்லுக்கோ திருப்பூருக்கோ போக வேண்டியதுதான்.

அந்த வருஷத் தேர்வுக்கு சார் ஒரு பத்தி எழுதினார். நம் கரிசல் காட்டைப் பற்றி. மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் சோளம் விதைக்கிறார்கள் அல்லவா, அதைப் பற்றி. விதையை மேலாகப் போட்டால் ஒரு சிறு தூறலுக்கே முளைத்துவிடும். அடுத்த மழை தள்ளிப்போனால் கருகிவிடும். அதனால் ஆழமாகப் போடுகிறார்கள். மண் நன்றாக நனைந்தால்தான் விதை முளைக்கும். இந்த உழவரின் செயலுக்கு மிகவும் ஒத்தது எது என்பது கேள்வி.

ஒன்று, பயிர் வாடியதும் கிணறு தோண்டுகிற உழவர். இரண்டு, தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே பாடத்தைப் படித்து முடிக்கிற மாணவி. மூன்று, கண்ட இடத்தில் உரசினால் பற்றாமல், பெட்டியின் பக்கவாட்டில் உரசினால் மட்டும் பற்றுகிற மாதிரி குச்சிக்கு மருந்து வைக்கிற தீப்பெட்டித் தொழிலாளி. நான்கு, மேகத்தைப் பார்த்துவிட்டுக் குடை எடுத்துப் போகிறவர்.

மூன்றைக் கேட்டதும் என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் சார் அதை வாசிக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு வேறு. தீப்பெட்டி ஆபீஸ்காரி தீப்பெட்டியில் விழுகிறாளா பார்ப்போம் என்கிற சிரிப்பு. மீனைக் கண்டு மீன் பின்னால் போனவள் அல்லவா நான். இரண்டாவதை வாசித்தபோது அவர் நிமிரவில்லை.

"ரெண்டு சார்" என்றேன்.

"அப்படிப் போடு" என்று மிட்டாயை நகர்த்தினார். அன்றைக்குக் கதையைப் பேரெடுத்துச் சொல்லு என்றுகூட அவர் கேட்கவில்லை. நான்தான் தேறிவிட்டேன் என்று நினைத்துவிட்டாரே.

ஒரு வாரம் கழித்து முடிவையும் சரியான விடைகளையும் எழுதிப் பலகையில் ஒட்டினார்கள். எட்டயபுரத்துப் பிள்ளை ஒருத்தி முதல். புதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த செல்வராணி என்கிற பிள்ளை ஒரே ஒரு மார்க்கில் இரண்டாவது. செல்வராணியும் அவள் அம்மாவும் பலகை முன்னால் நின்றார்கள். அம்மா கையில் ஒரு துணிப்பை. விடுதியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று துணிமணியை எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஒரு மார்க்குதானட்டி. எங்கன போச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தச் சோளக் கேள்விம்மா. நான் தீக்குச்சியப் போட்டேன். தப்பாம்."

நான் செம்பைக் கீழே வைத்தேன். "ஏட்டி, எதுக்கு அதப் போட்ட?" என்று கேட்டேன். நானாக யாரிடமும் பேச்சுக் கொடுப்பது எனக்கு வழக்கமில்லை.

"தூறலுக்கு முளைச்சிரக் கூடாதுன்னுதான ஆழத்துல போடுதாவ, அக்கா. அதான அதுல முக்கியம். போன வருஷம் எங்கய்யா மேலாப் போட்டுட்டாவ. முளைச்சதெல்லாம் கருகி, மறுபடி வெதைக்கு அலைஞ்சாவ." அவள் அழவில்லை. "பரவால்ல. தப்புன்னா தப்புதான்" என்று பையை வாங்கிக்கொண்டாள். அம்மா என்னிடம் புதூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பதினொன்றே காலுக்கு. அப்போது மணி பதினொன்று.

சார் வகுப்பில் இருந்தார். அவர் பாடம் நடத்தும்போது அந்த அறைக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. வாசலில் நின்று டீயை நீட்டினால் யாராவது வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்கும் ஒரு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். வெறும் கையோடு போகத் தைரியமில்லை. உள்ளே போய் மேஜை பக்கத்தில் நின்றேன். நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

"இப்ப எதுக்குத் தாயி டீ?"

"சார்... அந்த ரெண்டாவது... அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் சார்." அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். டம்ளரில் டீ இல்லை என்பதை அப்போதுதான் நான் பார்த்தேன். அவசரத்தில் காலி டம்ளரை எடுத்து வந்திருக்கிறேன்.

"எனக்கு மூணுன்னுதான் பட்டுது சார். ரெண்டாவத வாசிக்கும்போது நீங்க நிமிரல. அதான் ரெண்டுன்னுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. தப்பான விடைக்கு நிமிர்வதையும் சரியான விடைக்கு நிமிராததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு மூணு வருஷமா சார்."

துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் வாசலைப் பார்த்தேன். கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி. பேரெடுத்துட்டுச் சொல்லு" என்றார்.

"ஒருத்தர் ஒண்ண முன்கூட்டியே தயார் பண்ணி வைக்காரு. ஆனா அது சின்னதுக்கெல்லாம் எந்திரிச்சிரக் கூடாது. சரியானது வந்தாத்தான் எந்திரிக்கணும். அப்படி வைக்காரு."

"படிக்கிற பிள்ளையும் முன்கூட்டித்தான படிக்குது?"

"முன்கூட்டி இருக்கு சார். எந்திரிச்சிரக் கூடாதுங்கறது அங்க எங்கன இருக்கு? வெறும் முன்கூட்டிதான்னா குடையும் முன்கூட்டிதான் சார். ரெண்டு சரின்னா நாலும் சரியாயிரும்லா. ரெண்டு விடை எப்படி சரியா இருக்கும்?"

என் வாழ்நாளில் சார் முன்னால் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான். அவர் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றார். "உனக்குன்னுதான் தாயி அந்தத் தீப்பெட்டிய வச்சேன். நீ விழுதியான்னு பாக்க" என்றார். பிறகு சட்டென்று, "அந்தப் பிள்ள எங்க?" என்றார்.

"புதூர் பஸ்ஸுக்குப் போயிருக்கு சார்."

"ஓடு."

செருப்புப் போடக்கூட நிற்கவில்லை. ஜெயாவும் பின்னால் ஓடி வந்தாள். பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கத்த வரவில்லை. ஜெயாதான், "அண்ணாச்சி, நிறுத்துங்க! பிள்ளைய இறக்கி விடுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கண்டக்டர், "எந்தப் பிள்ளம்மா? பஸ் பூரா பிள்ளையாத்தான் இருக்கு" என்றார். ஜன்னல் வழியாகத் துணிப்பையைத்தான் முதலில் பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானம் சார் எல்லா விடைத்தாளையும் மறுபடி திருத்தினார். நானும் ஜெயாவும் எடுத்துக் கொடுத்தோம். மூன்றுதான் விடை என்று வைத்ததும் செல்வராணிக்கு ஒரு மார்க் ஏறியது. இரண்டைப் போட்டிருந்த எட்டயபுரத்துப் பிள்ளைக்கு ஒன்று இறங்கியது. சார் வகுப்பில் போய், தப்பு கேள்வி எழுதிய தன்னுடையது என்று சொன்னார். என் பேரைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் இடம் கொடுக்க முடியுமா என்று விடுதியில் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். சாயங்காலம் அவரே எட்டயபுரம் பஸ் ஏறி அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனார். அங்கே பக்கத்து வீடுகளுக்கு எல்லாம் ஏற்கெனவே இனிப்புக் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் மறுநாள் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்னைக் கூப்பிட மாட்டார் என்றே நினைத்தேன். ஐந்து மணிக்கு, "தாயி" என்று சத்தம் வந்தது. உள்ளே போனால் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

"இப்பச் சொல்லு பாப்போம்" என்று வாசிக்க ஆரம்பித்தார். எட்டுக்கு அஞ்சுதான் எனக்குச் சரியாக வந்தது. எனக்குக் கேவலமாக இருந்தது. அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "மூணு கேள்வி கோளாறு! மூணையும் மாத்தணும்" என்று எழுந்து நடந்தார். மிட்டாயை மட்டும் முதுகுப்பக்கமாகவே கையை நீட்டிக் கொடுப்பார். அதற்கப்புறம் கடைசிவரைக்கும் சுவரைப் பார்த்துத்தான் வாசித்தார். ஜெயா கல்யாணமாகிப் போகும்போது, "அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லன்னுதான் புதுசா வாரவங்க நினைப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சார் இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் பேசினால், "சுவரு சௌக்கியமா?" என்பார். என்னைப் பேசக் கூப்பிட்ட டீச்சர் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்தச் செல்வராணிதான். நான் பொய் சொன்ன விஷயம் சாருக்கு அடுத்து அவளுக்குத்தான் தெரியும்.

இதில் உள்ள விவரங்களை அவள்தான் சரிபார்க்க வேண்டும். குடை நாலாவதா, கிணறு நாலாவதா என்று எனக்கு உறுதியில்லை. பஸ் நேரமும் தப்பாக இருக்கலாம். ஆனால் செல்வராணி பார்த்தால் மட்டும் போதாது என்று எழுதி முடித்த பிறகு தோன்றுகிறது. அவளிடம் ஏன் மூன்றைப் போட்டாய் என்று நான் கேட்டேன். எட்டயபுரத்துப் பிள்ளையிடம் ஏன் இரண்டைப் போட்டாய் என்று யாருமே கேட்கவில்லை. சார் இரண்டு என்று நினைத்தாரே, அவரே அப்படி நினைக்க ஒரு காரணம் இருந்த மாதிரி அவளுக்கும் இருந்திருக்கும். அவள் அப்புறம் எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியாது. இது அவள் கையில் கிடைத்தால், வந்து பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து நான் உட்கார்ந்துகொள்கிறேன்.